பழைய காரைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும்? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசடர், பத்மினி, மாருதி 800 மாதிரி பழைய வண்டி ஒன்றை வாங்கிவிட்டோ, தாத்தாவின் வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டோ, தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்து "யாருண்ணே இப்படிச் செஞ்சு வெச்சது?" என்று கேட்பவர்கள் இங்கே நிறைய. கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான் என்பதால் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். பெயின்ட் பளபளப்பு, சீட் கவர் விஷயமெல்லாம் இதில் கிடையாது.

கண்ணில் படும் கோளாறு கம்பெனியிலிருந்தே வந்ததா, பட்டறையில் யாரோ செய்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்று பாருங்கள். மறுபெயின்ட் அடிப்பவர் வெளியில் தெரிகிற இடத்தைத்தான் அடிப்பார். டாஷ்போர்டுக்குப் பின்னால், கதவு பேடுக்கு உள்ளே, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில், பின் சீட்டைத் தூக்கினால் தெரியும் தகட்டில் என்று நாலைந்து இடங்களில் கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கும். கோணலாகப் போட்ட துளை, விட்டுப்போன வெல்டிங், வழித்துவிட்ட மாதிரி ஒட்டியிருக்கும் சீலன்ட் இவையெல்லாம் அந்தப் பழைய பெயின்ட்டுக்கு அடியில் இருந்தால் வண்டி பிறக்கும்போதே அப்படித்தான். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, அல்லது பெயின்ட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தால் அது பட்டறை வேலை.

அடுத்து வெல்டிங். கம்பெனியில் தகடுகளைச் சேர்ப்பது மின்சார ஸ்பாட் வெல்டிங்கில். சின்னச் சின்ன வட்டக் குழிகளாக, ஏறக்குறைய சீரான இடைவெளியில் ஓடும். (எல்லாப் புள்ளியும் பிடித்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், அது வேறு கதை.) கேஸ் வெல்டிங் கட்டிகட்டியாகக் கோடு போட்டது போலத் தெரியும், பக்கத்துத் தகடு சூட்டில் நெளிந்திருக்கும். வெளியே கிரைண்டர் போட்டு மட்டம் செய்துவிட்டாலும் உள்பக்கம் போய்ப் பார்த்தால் கட்டி அப்படியே இருக்கும்.

மூன்றாவது, அதே வருடத்து இன்னொரு வண்டியைப் பாருங்கள். அதிலும் அதே இடத்தில் அதே கோளாறு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதை ஏன் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், கம்பெனிக் குறை முப்பது நாற்பது வருடமாக வெளிப்படையாக வண்டியோடு வாழ்ந்துவிட்டது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெரிந்த விஷயம். பட்டறைக் குறை எதையோ மறைக்க வந்தது. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் அதைத் தோண்டுங்கள்.

புதுசாக வரும்போதே அவ்வளவு மோசமாகவா இருந்தன?

ஆமாம். அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள், புது வண்டியை எடுத்த கையோடு தெரிந்த பட்டறைக்குப் போய் கதவை இறக்கி மாட்டி, பீடிங் (கதவு ஓர ரப்பர்) மாற்றி, அடியில் தார்ப் பூச்சு அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த கதையைச் சொல்வார்கள். மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவிலிருந்து அம்பாசடர், பம்பாய் குர்லாவிலிருந்து பிரீமியர் (பத்மினி), நம் வண்டலூர் பக்கத்திலிருந்து ஸ்டாண்டர்டு, இந்த மூன்றைத் தாண்டி பொதுஜனம் புதுசாக வாங்க வேறு கார் கிடையாது என்கிற நிலை ரொம்ப காலம் இருந்தது. விற்பனைக்கே 1959-ல் ஒரு கட்டுப்பாட்டு ஆணை, புக் செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பு. வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது கதவு இடைவெளியை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?

அம்பாசடர் 1958-ல் தொடங்கி 2014 வரை வந்தது, அடிப்படை உடம்பு இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. தகடு அடிக்கிற டை (அச்சு) தேயத் தேய, அதிலிருந்து வரும் கதவும் மட்கார்டும் சரியாக உட்காராது. உட்காராததைச் சுத்தியலால் தட்டி, நடுவில் வாஷர் போட்டு உட்கார வைத்து அனுப்புவார்கள். 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 இன்னும் வேடிக்கை. வெளியே இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு, உள்ளே பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு கார் காலத்து 2 லிட்டர் எஞ்சின். மூன்று வருடம்கூடச் சரியாக ஓடவில்லை.

1983 டிசம்பரில் மாருதி வந்த பிறகுதான் கதவை ஒரு விரலால் தள்ளி மூடலாம் என்பதே பலருக்குத் தெரிந்தது. தகடு மெல்லிசு என்று அன்றைக்குத் திட்டினார்கள், இன்றைக்கும் திட்டுகிறார்கள். ஆனால் மெல்லிய தகடானாலும் இடமும் வலமும் ஒரே அளவில் உட்கார்ந்தது.

சரி, கம்பெனிக் குறை என்று குறிப்பாக எதையெல்லாம் எதிர்பார்க்கலாம்?

கதவு, பானெட், டிக்கி இடைவெளி ஒரு பக்கம் விரல் போகும், மறுபக்கம் பிளேடு போகாது. முன் கண்ணாடி ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒயர் கட்டு தகட்டுத் துளை வழியாகப் போகிற இடத்தில் ரப்பர் வளையம் போட மறந்திருப்பார்கள், தகட்டு விளிம்பு வருடக்கணக்கில் அறுத்து அறுத்து ஒருநாள் ஷார்ட் ஆகும். கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளை சீலன்ட்டில் அடைபட்டிருக்கும். உள்கூட்டுக்குள் (தகடுகள் சேர்ந்து பெட்டி போல மூடிய இடம்) பெயின்ட் போயே இருக்காது, வெறும் தகடு. சில எஞ்சின் பிளாக்குகளில் தண்ணீர் ஓடும் பாதையில் வார்ப்பு மணல் தங்கியிருக்கும்.

இதில் ஒயரும் வடிகால் துளையும்தான் அவசரம்.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் பட்டி (பள்ளத்தை நிரப்பி மட்டம் செய்யும் பசை) தெரிந்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. கனமாகப் பட்டி போட்ட இடத்தில் காந்தம் ஒட்டாது, நழுவும். ஆனால் இரண்டு விதத்தில் ஏமாற்றும்.

அந்தக் காலத்துக் கார்களில் கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் இடத்தை ஈயக் கலவையை உருக்கிப் பூசி மட்டம் செய்யும் வழக்கம் உண்டு. அங்கேயும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது கம்பெனி வேலை. அதைப் பார்த்துவிட்டு வண்டி கவிழ்ந்தது என்று முடிவு கட்டாதீர்கள், சுரண்டவும் செய்யாதீர்கள், ஈயத் தூசி விஷம்.

மறுபக்கம், துருப்பிடித்து ஓட்டையான இடத்தில் எண்ணெய் டின்னை வெட்டி ரிவெட் அடித்து அதன்மேல் மெல்லிசாகப் பட்டி இழுத்திருப்பார்கள். காந்தம் ஜம்மென்று ஒட்டும்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதுவும் காந்தத்துக்குத் தெரியாமல். இதற்கு வழி, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பதுதான். வெளியே வழவழவென்று இருக்கும் தகட்டின் பின்பக்கம் ரிவெட் வாலும் பழைய தகட்டின் கிழிசலும் தெரியும். விரல் கணுவால் தட்டியும் பார்க்கலாம், வெறும் தகடு கணீரென்று சொல்லும், பட்டி மொத்தென்று சொல்லும்.

பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் யாரிடமாவது கிடைத்தால் நல்லது. கம்பெனி பெயின்ட் சுமாராக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். இன்னொரு முறை அடித்திருந்தால் 200, 300 காட்டும். ஈயம் பூசிய இடம் தவிர வேறு எங்கே ஆயிரத்தைத் தாண்டினாலும் உள்ளே பட்டிதான்.

பட்டி போட்டிருந்தாலே மோசமான வண்டியா?

இல்லை. டிங்கர் (நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்துபவர்) தகட்டை நன்றாக எடுத்துவிட்டுக் கடைசியில் ஒரு இழுப்பு பட்டி பார்ப்பது முறையான வேலைதான். டிங்கரிங் செய்யாமல் பள்ளத்தையே பட்டியால் நிரப்புவதுதான் மோசம். அதைவிட மோசம், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியை நிரப்புவது. இந்தக் கார்களுக்கு லாரி மாதிரி தனிச் சேஸ் கிடையாது, உடம்புதான் எலும்பு. சில் போய்விட்டால் ஜாக்கி போட்டுத் தூக்கும்போதே கதவு திறக்காமல் மாட்டிக்கொள்ளும். இந்தச் சோதனையை வாங்குவதற்கு முன்பே செய்து பார்க்கலாம், விற்பவர் மூஞ்சி மாறும், பரவாயில்லை.

மதுரை வெயில் ஊராயிற்றே, இங்கே துரு வருமா?

இங்கேயே பிறந்து வளர்ந்த வண்டி என்றால் கொஞ்சம் கொடுத்துவைத்தவர். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் ஓட்டுக் கொட்டகையில் நின்ற வண்டிகள் வெயிலில் டாஷ்போர்டு வெடித்து, ரப்பரெல்லாம் கருவாடாகி இருந்தாலும் தகடு திடமாக இருக்கும். ஆனால் மாட்டுத்தாவணி பக்கம் விற்பனைக்கு நிற்கும் வண்டி எல்லாம் மதுரை வண்டி இல்லை. ராமேஸ்வரம், தூத்துக்குடி உப்புக் காற்றில் நின்ற வண்டி வரும். 2015 டிசம்பரில் சென்னையில் முங்கியது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அடுத்த இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்திலும் முங்கியது என்று எத்தனையோ வண்டிகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நம் ஊர் மட்டும் என்ன, 2024 அக்டோபர் மழையில் செல்லூர் தெருக்களில் நின்ற தண்ணீரை எல்லோரும் பார்த்தோம்.

முங்கிய வண்டியைக் கழுவி, செண்ட் அடித்து நிறுத்திவிடலாம், ஆனால் சில இடங்களில் கை போகாது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள், கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருக்கும். சீட் ரெயில் போல்ட்டுகள், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் இரும்புப் பட்டைகள், ஹெட்லைட் உள்பக்கம், ஒயர் கனெக்டர்களுக்குள் இருக்கும் பச்சைக் களிம்பு, இவை பொய் சொல்லாது. மாருதி 800-ல் முன் விரிப்பைத் தூக்கிக் கால் வைக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள், முங்காத வண்டியிலேயே அது அரித்திருக்கும்.

என் வண்டியில் தெர்மோஸ்டாட்டே இல்லை. கம்பெனி போடவில்லையா?

போட்டது. கழற்றிவிட்டார்கள். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். தமிழ்நாட்டில் அதிகம் நடக்கிற "ரிப்பேர்" இதுதான் என்பது என் கணிப்பு. கேட்டுப் பாருங்கள்:

"அண்ணே, தெர்மோஸ்டாட் எங்கண்ணே?"

"அது எதுக்குத் தம்பி, நம்ம ஊரு வெயிலுக்கு? கழட்டிப் போட்டாச்சு. இப்ப பாரு, சூடே ஏறாது."

சூடு ஏறாதுதான். அதுதான் கோளாறே. எஞ்சின் ஓட வேண்டிய சூட்டுக்கு வராமல் மேலூர் நான்குவழிச் சாலையில் குளிர்ந்தபடியே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும், பிஸ்டன் ரிங் சீக்கிரம் தேயும். சரி, முதலில் ஏன் கழற்றினார்கள்? வண்டி கொதித்திருக்கும். ஏன் கொதித்தது? வருடக்கணக்கில் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி, நம் ஊர் உப்பு உள்ளே பாறையாகப் படிந்திருக்கும். ரேடியேட்டரைப் பிரித்து உப்பைத் துருவி எடுக்க வேண்டிய இடத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, அதோடு விசிறிக்கு நேரடியாக ஒரு சுவிட்சும் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஒழுகுகிற ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது, பெட்ரோல் டேங்க் ஓட்டைக்குச் சோப்பை அப்புவது எல்லாம் வழியில் நின்றுபோனால் வீடு சேர்வதற்கான வைத்தியம். அதே மஞ்சள் பல வருடம் கழித்து வாட்டர் பம்பில் சேறாகக் கிடப்பதைப் பார்த்தால்தான் எரிச்சல் வரும்.

ரேடியேட்டரையும் பிளாக்கையும் சுத்தம் செய்து, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் ஊற்றி, புது தெர்மோஸ்டாட் போடுங்கள். அதற்கப்புறமும் கொதித்தால் காரணம் ஹெட் கேஸ்கெட்டிலோ வேறு எங்கோ இருக்கிறது, இனி ஒளிய இடமில்லை.

ஃபியூஸ் பெட்டியில் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி இருக்கிறது. ஓடுகிறதே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஃபியூஸ் இருந்து அது போயிருந்தால் கோளாறு ஒன்றோடு நின்றிருக்கும். கம்பி போட்ட பிறகு ஷார்ட் ஆனால் உருகப் போவது ஒயர் கட்டு முழுவதும், அதுவும் பெட்ரோல் பைப் பக்கத்தில். ஸ்டீரியோ, ஹார்ன், ஹாலஜன் லைட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு எலக்ட்ரீஷியன் பேட்டரியிலிருந்து தனித்தனியாக ஒயர் இழுத்து, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார். வெயிலில் டேப் பசை இளகிக் கழன்று வரும். யாருக்கு எந்த ஒயர் என்றே தெரியாத நிலை என்றால் ஒட்டுப் போடாமல் புதுக் கட்டே போட்டுவிடுவது மலிவு.

பிரேக்கில் என்ன செய்திருப்பார்கள்?

செய்யக் கூடாததையெல்லாம். ஒரு சக்கரத்து வீல் சிலிண்டர் ஒழுகினால் அந்தச் சக்கரத்துக்குப் போகும் பைப்பைச் சப்பி மடக்கி அடைத்துவிட்டு, மூன்று சக்கர பிரேக்கில் ஓட்ட விட்டிருப்பார்கள். ஸ்டீல் பைப் அரித்த இடத்தில் செம்பு டியூப் ஒட்டியிருப்பார்கள், அது அதிர்வில் விரிசல் விடும். பழைய அம்பாசடர்களில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) டிரைவர் காலடியில் தரைக்குக் கீழே இருக்கும், கண்ணில் படாத இடம் என்பதால் ஆயில் கருத்துக் குழம்பாகும்வரை யாரும் திறக்க மாட்டார்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் சேரச் சேர கொதிநிலை இறங்கும். அழகர்கோவில் ரோட்டில் அது தெரியாது. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது பெடல் தரையைத் தொடும்.

டிரம்களை எல்லாம் கழற்றுங்கள், பைப் முழுவதையும் கையால் தடவிப் பாருங்கள், ரப்பர் ஹோஸ்களைப் பார்க்காமலே மாற்றுங்கள். பழைய பிரேக், கிளட்ச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் டிரம்முக்குள் கம்ப்ரஸர் காற்று அடிக்க விடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

போல்ட் தலையெல்லாம் உருண்டையாகிக் கிடக்கிறது. ஏன்?

அம்பாசடர் இன்ச் வண்டி. 1/2 இன்ச் என்பது 12.7 மி.மீ. பட்டறையில் 13 ஸ்பேனர்தான் கைக்குக் கிடைக்கும், போட்டுத் திருகுவார்கள், மூலை மழுங்கும். 9/16 இன்ச் 14.3 மி.மீ. அளவு, அதற்கு 14 நுழையாது, 15 போட்டால் சுற்றும். பின்னால் வந்த இசுசூ எஞ்சின் அம்பாசடரில் கூத்து இன்னும் அதிகம், உடம்பு இன்ச், எஞ்சின் மில்லிமீட்டர். பத்மினியும் மாருதியும் முழுக்க மில்லிமீட்டர், அங்கேயும் தலை மழுங்கியிருந்தால் கட்டிங் பிளேயரால் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வாங்கும்போது இதை ஒரு சாட்சியாகப் பயன்படுத்துங்கள். பானெட் கீல் போல்ட்டில் பெயின்ட் உடைந்திருந்தால் பானெட் கழன்றிருக்கிறது. ஹெட் நட்டுகள் மட்டும் பளிச்சென்று இருந்தால், ஏன் இறக்கினீர்கள் என்று கேளுங்கள்.

பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின் இருக்கிறது. பிரச்சினையா?

ஆர்.சி. புக்கில் ஏறியிருந்தால் பிரச்சினையில்லை. ஏறவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அது அனுமதியில்லாத மாற்றம், 15 வருடம் தாண்டிப் பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் நிற்பீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எஞ்சின் நம்பரையும், சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்தும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி தனிப் பதிவு உண்டு, ஆனால் சேஸ், உடம்பு, எஞ்சினில் பெரிய மாற்றம் இருந்தால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளும்.

"ஃபுல் ரெஸ்டோர்டு" என்று விற்கிறார்களே?

பெயின்ட்டை முழுவதும் உரித்து வெறும் தகடாக இருந்தபோது எடுத்த போட்டோ கேளுங்கள். வேலையை ஒழுங்காகச் செய்தவர் போனில் போட்டோ நிறைய வைத்திருப்பார், நீங்கள் போதும் என்று சொல்லும்வரை காட்டுவார். ஒரு போட்டோவும் இல்லை, வண்டி மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்றால் அது பெயின்ட் வேலை மட்டும். பீடிங் ரப்பரில் பெயின்ட் தூறல் இருக்கிறதா என்று பாருங்கள், ரப்பரைக்கூடக் கழற்றாமல் அடித்தவர் தகட்டையா பார்த்திருப்பார்?

அப்படியென்றால் நம் மெக்கானிக்குகள் எல்லாம் மோசமா?

யார் சொன்னது? 1911-லேயே டி.வி.எஸ். தொடங்கிய ஊர் இது. பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்று, ரிட்டையராகி, கே. புதூர் பக்கமோ பழங்காநத்தம் பக்கமோ சின்ன ஷெட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே டேப்பெட்டா பேரிங்கா என்று சொல்வார்கள், லேத்தில் கடைந்து இல்லாத புஷ்ஷை உண்டாக்குவார்கள். ஒட்டு வேலைக்குப் பாதிக் காரணம் நாம்தான். "ஓடினா போதும்ணே, அடுத்த மாசம் விக்கப் போறேன்" என்று சொல்லும் பார்ட்டிக்கு அவர் வேறு எப்படிச் செய்வார்? மீதிப் பாதி, உதிரிபாகம் கிடைக்காததும் டூப்ளிகேட் சாமான்களும்.

வேலை கொடுக்கும்போது கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். ஒட்டுப் போட்டால்தான் ஓடும் என்றால் எங்கே போட்டார் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த ஆள் தேட வேண்டியதில்லை.

எந்த வரிசையில் பிரிப்பது?

பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் லைன், ஒயரிங், பிறகு சில் மற்றும் தரை. எஞ்சின் அதற்கப்புறம்தான், பெயின்ட் கடைசி. பெட்ரோல் லைனை முன்னால் வைத்ததற்குக் காரணம், இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் அதில் ஊறி இளகும், நின்ற வண்டியில் எத்தனால் தண்ணீரை இழுத்து டேங்குக்குள் துருவைக் கூட்டும். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள்.

கம்பெனிக் குறையையும் சரிசெய்துவிடலாமா?

வடிகால் துளைகளைத் திறந்துவிடுங்கள், ஒயர் போகும் துளைகளுக்கு ரப்பர் வளையம் போடுங்கள், உள்கூட்டுக்குள் துரு தடுக்கும் மெழுகு அடியுங்கள். இந்த மூன்றுக்கும் ஒரு சனி ஞாயிறு போதும். கதவு இடைவெளியைச் சமப்படுத்துகிறேன் என்று பட்டியைக் கையில் எடுக்க வேண்டாம். முப்பது வருடம் கழித்து வாங்குபவர் அதைப் பார்த்து, இந்தப் பக்கம் எங்கோ இடித்திருக்கிறது என்று விலையைக் குறைப்பார்.